பூட்டுப் போட்டால் கலவரம் நிற்குமா?

அன்புள்ள ஐயா,

கலவர நேரத்தில் சமூக வலைத்தளங்களை முடக்குவதை நீங்கள் எதிர்க்கிறீர்கள். 2018இல் இலங்கையில் முஸ்லிம்கள் தாக்கப்பட்டபோது ஃபேஸ்புக்கை முடக்கியது சரிதானே? வதந்தியைப் பரப்பியதே அதுதானே?

கே., திருநெல்வேலி

அன்புள்ள கே.,

சிங்களவரை மலடாக்க முஸ்லிம்கள் சாப்பாட்டில் மாத்திரை கலக்கிறார்கள் என்ற வதந்தியைப் பரப்பியது ஃபேஸ்புக்தான், மறுக்கவில்லை. அம்பாறையில் பிப்ரவரி 26 இரவு, ஒரு முஸ்லிம் உணவகத்தில் சாப்பிட வந்தவருக்குக் கறியில் ஏதோ கட்டி தட்டுப்பட்டது. 'கருத்தடை மாத்திரை கலந்தாயா?' என்று கூட்டம் சூழ்ந்துகொண்டது. தமிழ் பேசும் கடைக்காரருக்குச் சிங்களம் அரைகுறை. மிரண்டுபோய் ஆமாம் போட்டுவிட்டார். அந்த வீடியோ 'ஒப்புக்கொண்டான்' என்று ஃபேஸ்புக்கில் சுற்றியது. அன்றிரவே கடையையும் பள்ளிவாசலையும் அடித்து நொறுக்கினார்கள். அது வெறும் மாவுக்கட்டி என்று பிறகு அரசுப் பரிசோதனையில் தெரிந்தது. (சோற்றில் கலந்து ஆளை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை என்று ஒன்று கிடையவே கிடையாது. அதை யார் கேட்டார்கள்?)

சரி, முடக்கியது எப்போது? மார்ச் 7. அதற்குள் கண்டிப் பக்கம் திகனயில் வீடுகளும் கடைகளும் எரிந்து, நெருக்கடி நிலையும் அறிவித்தாகிவிட்டது. போலீஸ் வேடிக்கை பார்த்தது என்று ஊர்க்காரர்கள் புகார் சொன்னார்கள். அதற்கு ஃபேஸ்புக் முதலாளி மார்க் சக்கர்பெர்க் பொறுப்பல்ல.

அவர் பொறுப்பேற்க வேண்டியது வேறு. சிங்களத்தில் வந்த கொலைவெறிப் பதிவுகளைப் பற்றிப் புகார் செய்தவர்களுக்கு, 'விதிமீறல் இல்லை' என்று பதில் வந்தது. படித்துப் பார்க்கச் சிங்களம் தெரிந்த ஆட்கள் போதவில்லை. கொழும்பில் இருக்கும் மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 2014லேயே இந்த வெறுப்புப் பக்கங்களைப் பற்றி அறிக்கை போட்டிருந்தது. ஃபேஸ்புக் நிறுவனம் வருத்தம் தெரிவித்ததோ 2020 மே மாதம். விளம்பரம் வாங்கும் மொழியில் புகாரைப் படிக்கவும் ஆள் வை என்று சட்டம் போட்டு நெருக்கலாம். அது மெனக்கெட்ட வேலை. முடக்குவது சுலபம், அரசு ஏதோ செய்தது போலவும் இருக்கும்.

சுலபமாக இருப்பதால்தான் எனக்குப் பயம். 2022 ஏப்ரல் 3 அன்று கொழும்பில் எந்தக் கலவரக்காரனை அடக்க ஃபேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும் முடக்கினார்கள்? பெட்ரோலும் கேஸும் இல்லாமல், அன்றைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச வீட்டுக்குப் போகட்டும் என்று கிளம்பிய சனங்களை. அதுவும் பலிக்கவில்லை. ஆளாளுக்கு விபிஎன் (தடையைச் சுற்றிக்கொண்டு போக உதவும் செயலி) போட்டு உள்ளே போய்விட்டார்கள். அப்போது அமைச்சராக இருந்த, கோட்டாபயவின் அண்ணன் மகன் நாமல் ராஜபக்சவே, விபிஎன் இருக்கும்போது இந்தத் தடையால் பயனில்லை என்று ட்விட்டரில் எழுதினார். ட்விட்டரும் அன்று தடைப்பட்டியலில் இருந்தது.