கோவையில் ஆடி மாதம் ஏன் அப்படிக் காற்றடிக்கிறது?

காரணம் பாலக்காட்டுக் கணவாய். கணவாய் என்றால் மலைத்தொடரில் விழுந்த இடைவெளி. மேற்குத் தொடர்ச்சி மலையில், வடக்கே நீலகிரிக்கும் தெற்கே ஆனைமலைக்கும் நடுவில், சுமார் 30 கி.மீ. அகலத்துக்கு மலையே இல்லை. நீலகிரியின் உச்சி தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரம், ஆனைமலையின் உச்சி ஆனைமுடி 2,695 மீட்டர். இந்த இரண்டு சுவர்களுக்கு நடுவே அரபிக்கடல் காற்று நெருக்கிக்கொண்டு புகும்போது வேகமெடுக்கிறது. வீட்டில் முன்வாசலையும் கொல்லைக் கதவையும் ஒருசேரத் திறந்தால் காலண்டர் தாள் படபடக்குமே, அதேதான். உடுமலைப் பக்கம் ஆடியில் கொடியில் போட்ட வேட்டி, கிளிப் மாட்டாவிட்டால் அடுத்த தோட்டத்துத் தென்னை மட்டையில் கிடக்கும். பல்லடம், உடுமலை வட்டாரத்துக் காற்றாலைகள் சுழல்வதும் இதில்தான்.

காற்று வந்தால் கேரளம் போல மழையும் கொட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, பெரும்பாலும் சாரல்தான். கோவை நகருக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் வருவது.