வரையாட்டின் ரோமம் ஏன் சேறாகிறது?

கேள்வி: நீலகிரிப் புல்வெளியில் நிற்கும் வரையாட்டை சாஃப்ட் பேஸ்டலில் வரைகிறேன். பேப்பர் சாதாரண கார்ட்ரிட்ஜ், அதாவது வழக்கமான வரைதாள். நிறங்களை விரலால் தேய்த்துத்தான் கலக்கிறேன். மூன்றாவது அடுக்குக்கு மேல் நிறம் பிடிக்கவே மாட்டேன் என்கிறது. ரோமம் ஒரே சேறாகத் தெரிகிறது. கடைசியில் ஃபிக்ஸேட்டிவ் (பொடி உதிராமல் ஒட்டவைக்கும் ஸ்பிரே) அடித்தேன், முதுகில் போட்டிருந்த வெளிர் நிறமும் காணாமல் போய்விட்டது. குச்சிகள் மட்டமானவையா?

பதில்: குச்சிகளைத் திட்ட வேண்டாம். எனக்குச் சந்தேகம் பேப்பர் மேல்தான். அப்புறம் உங்கள் விரல் மேல்.

சாஃப்ட் பேஸ்டல் என்பது நிறப்பொடியும் சுண்ணாம்புப் பொடியும், அவற்றைக் குச்சியாகப் பிடித்து வைக்கக் கொஞ்சூண்டு பிசினும். அந்தப் பிசின் பேப்பரில் ஒட்டும் அளவுக்குப் போதாது. பொடி நிற்பது பேப்பரின் சொரசொரப்பில்தான். நீங்கள் விரலால் தேய்க்கத் தேய்க்க அந்தக் குழிகள் நிரம்பிவிடும். பிறகு எது போட்டாலும் வழுக்கும், அல்லது அடியில் இருப்பதோடு கலந்து சேறாகும். கார்ட்ரிட்ஜில் குழி ஆழம் மிகக் குறைவு, மூன்று அடுக்கு வந்ததே பெரிய விஷயம்.

பேஸ்டலுக்கு விற்கும் கான்சன் மி-தாந்த் பேப்பர் வாங்கினால் இரண்டு பக்கத்தையும் தடவிப் பாருங்கள். ஒரு பக்கத்தில் தேன்கூடு மாதிரி அச்சு இருக்கும். விலங்குக்கு அது தொந்தரவு, மறுபக்கம் போதும். செலவு செய்ய முடிந்தால், சொரசொரப்பான மேற்பூச்சுள்ள பேஸ்டல்மேட் தாள், அல்லது மண்துகள் பூசிய யூஆர்ட் 400 தாள். பழகிப் பார்க்க ஹார்டுவேர் கடை உப்புத்தாள்கூட ஓடும். ஆனால் நாள்பட நிலைக்க வேண்டிய படத்தை அதில் போடாதீர்கள்.

இனி வரிசை. தூரத்து மலை முதலில். நீலச் சாம்பல் குச்சியைப் படுக்கவைத்து லேசாக இழுங்கள். மூடுபனிக்காக விரலால் தேய்க்கலாம். படத்தில் தேய்க்க அனுமதி அங்கே மட்டும்தான். சோலையின் இருட்டுக்குக் கறுப்பு வேண்டாம், ஊதாவும் அடர்பச்சையும் போதும். புல்வெளிக்கு அடியில் செம்பழுப்பு போட்டு மேலே பச்சையை விட்டு விட்டு இழுத்தால், பச்சை கண்ணைக் குத்தாது.

ஆட்டுக்கு வருவோம். ரோமத்தை வரைய உட்காராதீர்கள். முதலில் உடலை இருட்டு, நடுத்தரம், வெளிச்சம் என்று மூன்று திட்டாக, கெட்டியான குச்சியால் போடுங்கள். மண்துகள் பூசிய தாளாக இருந்தால், இந்த முதல் அடுக்கைச் சர்ஜிகல் ஸ்பிரிட் தொட்ட பிரஷ்ஷால் கரைத்துவிடலாம். காய்ந்த பிறகும் சொரசொரப்பு பெரும்பாலும் அப்படியே இருக்கும். கார்ட்ரிட்ஜில் இதைச் செய்தால் தாள் நெளிந்துவிடும். அப்புறம்தான் பேஸ்டல் பென்சில். மூக்கிலிருந்து பின்னோக்கி, விலாவில் சரிந்து, காலில் கீழ்நோக்கி என ரோமம் படியும் திசையிலேயே குட்டிக் குட்டிக் கோடுகள். வரையாட்டுக்கு ரோமம் குட்டை. நீளமாக இழுத்தால் கம்பளி ஆடாகிவிடும். இருட்டுத் திட்டும் வெளிச்சத் திட்டும் சந்திக்கும் ஓரத்தில் மட்டும் கோடு போடுங்கள், மிச்சத்தைப் பார்ப்பவர் கண்ணே நிரப்பிக்கொள்ளும். வளர்ந்த கிடாவின் முதுகில் சேணம் போல் இருக்கும் வெளிர் திட்டுக்கு வெள்ளையை எடுக்காதீர்கள். இளஞ்சாம்பல் போதும். வெயில் நேராக விழும் இரண்டு மூன்று இடத்தில் மட்டும் மிருதுவான கிரீம் குச்சியை ஒருமுறை அழுத்தி வைத்துக் கையை எடுத்துவிடுங்கள். தடவக் கூடாது.

ஃபிக்ஸேட்டிவ் விஷயம்: ஈரக் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதிப் பார்த்திருப்பீர்கள். எழுத்து மங்கலாகத் தெரியும், காய்ந்ததும் பளிச்சென்று வரும். பொடிக்கு நடுவே காற்று இருந்தால்தான் அந்த வெளுப்பு. ஃபிக்ஸேட்டிவ் அந்த இடைவெளியில் போய்க் காய்ந்து தங்கிவிடுவதால் வெளுப்பு திரும்புவதில்லை. சுண்ணாம்பு அதிகமுள்ள வெளிர் நிறங்கள்தான் இதில் அதிகம் அடிவாங்கும். நான் கடைசி அடுக்குக்கு அடிப்பதே இல்லை. படத்தைச் சுற்றி மவுன்ட் (தடித்த அட்டைச் சட்டம்) வைத்து, பொடி கண்ணாடியில் படாதபடி ஃபிரேம் போட்டுவிடுவேன். அக்ரிலிக் ஷீட் வேண்டாம், நிலைமின்சாரத்தில் பொடியை இழுத்துக்கொள்ளும்.

பொடியை வாயால் ஊதாதீர்கள், சில நிறங்களில் காட்மியம் உண்டு. பலகையை நிமிர்த்தி வைத்துப் பின்பக்கம் தட்டினால் போதும். மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள்.

கையிலிருக்கும் படத்தைக் கிழித்துவிடாதீர்கள். ஃபிக்ஸேட்டிவ் காய்ந்த இடத்தில் கொஞ்சம் சொரசொரப்பு திரும்பியிருக்கும். ஒரு ஓரத்தில் தொட்டுப் பாருங்கள். பிடித்தால் முதுகு வெளிச்சத்தை மறுபடி வைத்து, அப்படியே ஃபிரேமுக்குள் போட்டுவிடுங்கள்.