மெத் (மெத்தாம்பெட்டமைன் என்ற போதைப்பொருள்) பழக்கத்தை மருத்துவமனையில் தங்காமலேயே விட முடியுமா?

பலரால் முடியும். ஹெராயினுக்கு மெத்தடோன் இருப்பதுபோல மெத்துக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து இன்னும் கிடையாது. ஆலோசனையும் பழக்கத்தை மாற்றும் பயிற்சியும்தான் சிகிச்சை.

அதில் நல்ல பலன் தருவது பரிசு முறை. வாரத்தில் இரண்டு முறை சிறுநீர்ப் பரிசோதனை. போதைப்பொருள் தெரியவில்லை என்றால் அன்றே கிஃப்ட் கார்டு. தொடர்ந்து விலகியிருந்தால் தொகை கூடும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பல மாவட்டங்களில் 2023 முதல் மெடி-கால் என்ற, வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீட்டிலேயே இது கிடைக்கிறது, 24 வாரத் திட்டமாக. இதை லஞ்சம் என்பவர்கள் உண்டு. என்னால் ஏற்க முடியவில்லை. மெத் தரும் உடனடி இன்பத்துக்கு எதிராக உடனடியாகவே ஏதாவது கையில் கிடைக்க வேண்டும்.

விட்ட முதல் நாட்களில் ஓயாத தூக்கம், பசி. அப்புறம் எதிலும் ருசியில்லாத மாதங்கள். பலர் சறுக்குவது அங்கேதான். மூளை தேற ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். தற்கொலை எண்ணமோ மாயக்குரலோ வந்தால் மட்டும் தயங்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.