சில மில்லி சீம்பாலும் வீணல்ல

கேள்வி: 29ஆம் வாரத்தில் பிறந்த என் குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறது. பீய்ச்சினால் சில மில்லி சீம்பால்தான் வருகிறது. பேசாமல் பவுடர் பாலுக்கே மாறிவிடலாமா?

பதில்: வேண்டாம். முதல் சில நாட்களில் சில மில்லி வருவதே இயல்பு. அந்தச் சில மில்லியில்தான் பாதுகாப்புப் பொருட்கள் மிகச் செறிவாக இருக்கின்றன.

குறைமாதக் குழந்தையின் குடற்சுவர் எளிதில் கிருமிகளுக்கு வழிவிடும். கிருமிகளைக் கண்டால் அளவுக்கு மீறி அழற்சி கொள்ளவும் செய்யும். இதனால் குடல் திசுக்களே அழுகிவிடும் நிலையை மருத்துவர்கள் 'என்.இ.சி.' என்பார்கள். பிரிட்டனில் லூகாஸ், கோல் என்னும் ஆய்வாளர்கள் 1990இல் வெளியிட்ட ஆய்வில், பவுடர் பால் மட்டும் குடித்த குறைமாதக் குழந்தைகளிடம் இந்நோய், தாய்ப்பால் மட்டும் குடித்தவர்களைவிட 6 முதல் 10 மடங்கு அதிகமாக இருந்தது.

சீம்பாலில் உள்ள ஐ.ஜி.ஏ. என்னும் எதிர்ப்பொருள், கிருமிகள் குடற்சுவரில் ஒட்டாதபடி அவற்றைப் பற்றிக்கொள்கிறது. தாயின் குடலும் சுவாசப் பாதையும் சந்தித்த கிருமிகளுக்கு எதிராகவே அது உருவாவதால், நீங்கள் அடிக்கடி அந்தப் பிரிவுக்குச் சென்று குழந்தையைத் தொட்டு அணைத்திருப்பதற்கு மருத்துவப் பொருளும் உண்டு. லாக்டோஃபெரின் என்னும் புரதம் கிருமிகளுக்குத் தேவையான இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. வளர்ச்சிக் காரணிகள் குடலின் உட்படலத்தை முதிரச் செய்கின்றன. குழந்தையால் செரிக்க முடியாத ஒலிகோசாக்கரைடு என்னும் சர்க்கரைகளோ நன்மை செய்யும் பிஃபிடோ பாக்டீரியாக்களுக்கு உணவாகின்றன. பசும்பாலிலிருந்து எடுத்த லாக்டோஃபெரினைத் தனியாகக் கொடுத்துப் பார்த்த பிரிட்டனின் பெரிய ஆய்வொன்றில் (2019) நோய்த்தொற்று குறையவில்லை. ஒரு பொருளைப் பிரித்தெடுத்துக் கொடுப்பது முழுப் பாலுக்கு ஈடாகாது என்றே நான் கருதுகிறேன்.

இரவு உட்பட, நாளுக்கு எட்டு முறையாவது பீய்ச்சுங்கள். சீம்பாலைக் கொட்டிவிடச் சொல்லும் பெரியவர்கள் இன்னும் சில வீடுகளில் உண்டு; அதைக் கேட்காதீர்கள். போதாத அளவுக்குத் தாய்ப்பால் வங்கிப் பால் கிடைக்குமா என்று மருத்துவரிடம் விசாரியுங்கள். கிருமிகளை அழிக்க 62.5 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கிப் பதப்படுத்தும்போது அதில் ஐ.ஜி.ஏ.வும் லாக்டோஃபெரினும் குறைந்துவிடும் என்றாலும், ஒலிகோசாக்கரைடுகள் பெரிதும் தங்கிவிடும். ஆகவே அது உங்கள் பாலுக்கு அடுத்தபடி, பவுடர் பாலைவிட மேல். பதப்படுத்தாத பிறர் பாலை மட்டும் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

வயிறு உப்புதல், பச்சை நிற வாந்தி, மலத்தில் இரத்தம் ஆகியவற்றில் ஏதேனும் தெரிந்தால் மருத்துவர்கள் பால் கொடுப்பதை நிறுத்தி வைப்பார்கள். அப்போதும் பீய்ச்சுவதை நிறுத்தாமல், தேதியும் நேரமும் எழுதிய கொள்கலனில் உறையவைத்துச் சேமிக்க ஏற்பாடு உண்டா என்று செவிலியரிடம் கேளுங்கள்.