கவர்னர் வேடத்தில் வந்த நாடகாசிரியர்

கேள்வி: 'காதலன்' படத்தில் கவர்னராக வரும் கிரீஷ் கர்னாட் பெரிய நாடகாசிரியராமே? சினிமாவுக்கு நடுவே நாடகம் எழுத நேரம் எப்படிக் கிடைத்தது?
– வாசகர், கும்பகோணம்

பதில்: அவருக்கு நாடகம்தான் முதலில், சினிமா அப்புறம் வந்தது. ஆங்கிலக் கவிஞராக வேண்டும் என்று ஆசைப்பட்ட தார்வாட் இளைஞர், ஆக்ஸ்போர்டுக்குக் கிளம்பும் சமயத்தில் எழுத உட்கார்ந்தால் வந்து விழுந்தது கன்னடத்தில் 'யயாதி', மகனிடம் இளமையைக் கேட்டு வாங்கும் அப்பாவின் கதை. 1964இல் அவருடைய 'துக்ளக்' நாடகம் வந்தபோது வயது 26தான். (சோவின் 'முகமது பின் துக்ளக்' 1968இல் வந்தது, அது வேறு.) அப்போது அவர் வேலை பார்த்தது நம்ம சென்னையில், ஆக்ஸ்போர்டு பதிப்பகத்தில்!

கேள்வி: நடிப்பு, எழுத்து – எதில் கெட்டிக்காரர்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: என் ஓட்டு எழுத்துக்கு. ஆனால் 1970இல் வந்த 'சம்ஸ்கார' கன்னடப் படத்தில் இரண்டையும் பிரிக்க முடியாது, திரைக்கதையும் அவரே, நாயகன் பிராணேஷாச்சார்யரும் அவரே. ஆசாரத்தை மீறியவன் செத்துக் கிடக்கிறான், யார் கொள்ளி வைப்பது என்று தெரியவில்லை, பிணத்தை எடுக்கும்வரை அக்ரஹாரத்தில் யாரும் சாப்பிடக்கூடாது, ஊரே பசியோடு ஆச்சார்யர் முகத்தைப் பார்க்கிறது, அவரோ ஏடுகளைப் புரட்டிக்கொண்டே இருக்கிறார், விடை கிடைக்கவில்லை. முதலில் சென்சார் தடை போட்டது, பிறகு அதுவே சிறந்த படத்துக்கான தேசிய விருதை வாங்கியது. 'பூமிகா' இந்திப் படத்தின் திரைக்கதைக்கும் இன்னும் இருவரோடு சேர்ந்து தேசிய விருது பெற்றார். 'மால்குடி டேஸ்' தொடரில் சுவாமியின் அப்பாவாக வந்ததை நாற்பது தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

கேள்வி: அவர் நாடகம் எதையாவது தமிழில் படிக்க முடியுமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: தாராளமாக. பாவண்ணன் மொழிபெயர்ப்பில் 'நாகமண்டலம்' இருக்கிறது, அதிலிருந்து ஆரம்பியுங்கள். புருஷன் வெளியே பூட்டிவிட்டுப் போகும் வீட்டில் ராணி தனியாக இருக்கிறாள். அவனை வசப்படுத்த ஒரு கிழவி கொடுத்த வேரை அரைத்துக் குழம்பில் போடுகிறாள், குழம்பு ரத்தமாய்ச் சிவந்து கொதிக்கிறது, பயந்துபோய்ப் புற்றில் கொண்டுபோய்க் கொட்டிவிடுகிறாள். அதைக் குடித்த நாகம் அவள்மேல் ஆசைப்பட்டு, புருஷன் உருவத்திலேயே ராத்திரி ராத்திரி வருகிறது. பகலில் அடிக்கிறவனும் ராத்திரி கொஞ்சுகிறவனும் ஒரே முகத்தோடு வந்தால் அந்தப் பெண் என்னதான் செய்வாள்?

கன்னடம் தெரிந்தவர்கள் 80 வயதில் தலைக்கோட்டைப் போரை வைத்து அவர் எழுதிய 'ராக்ஷஸ தங்கடி'யையும் தேடிப் படியுங்கள். அடுத்த வருஷம், 2019 ஜூன் 10 அன்று போய்விட்டார். கிரேஸி மோகனையும் நாம் இழந்தது அதே நாளில்தான்.