அப்பத்தாவின் ஊற்று

வணக்கம்.

இந்த முறை டிசம்பர் 23 சனிக்கிழமையில் விழுந்தது, திங்கள் கிறிஸ்துமஸ். மூன்று நாள் சேர்ந்தாற்போல் கிடைக்கவே சென்னையிலிருந்து குடும்பத்தோடு ராமேஸ்வரம் தீவிலிருக்கும் தங்கச்சிமடம் போனோம். எங்கள் அப்பத்தா தனுஷ்கோடிக்காரர். 1964 புயலில் தம்பியைப் பறிகொடுத்துவிட்டு தங்கச்சிமடம் வந்து குடியேறியவர். 59ஆம் நினைவுநாளுக்கு ஊர்க்காரர்கள் வேன் பிடித்துத் தனுஷ்கோடி போனார்கள், நாங்களும் போனோம். இடிந்த சர்ச் பக்கம் மெழுகுவத்தி ஏற்றினோம், காற்றில் ஒன்றும் நிற்கவில்லை. அப்பத்தா மட்டும் வரவில்லை. "கத்தரிக்குத் தண்ணி ஊத்தணும்" என்றுவிட்டார். அந்த இரவைப் பற்றி என் மகள் போனை நீட்டிக் கேட்டதற்கும், "அதான் டிவில சொல்றாகளே" என்று எழுந்து போய்விட்டார்.

மிச்ச இரண்டு நாளும் தோட்ட வேலை. போன வருஷம் நான் கொண்டுபோய் வைத்த ரோஜாவும் கொய்யாவும் இலை கருகிப் பட்டுவிட்டன. அவற்றுக்காகவே அறுபதடிக்குப் போர் போட்டுக் கொடுத்திருந்தேன். அப்பத்தா அந்தத் தண்ணீரைத் தொடுவதே இல்லை, பழைய ஊற்றில்தான் மொண்டு ஊற்றுகிறார். மண்வெட்டியும் கையுமாகச் சிரித்துப் பேசிக்கொண்டு நின்றபோது, இந்த நாளில் இப்படியா என்று உறுத்தியது. அவர் மறக்கப் பார்க்கிறாரா? நாங்கள் கேட்பதை விட்டுவிடுவதா?

ஆர்.எம்., சென்னை

அன்புள்ள ஆர்.எம்.,

முதலில் போரை நிறுத்துங்கள். ஆழ்துளைக் கிணற்றைத்தான் சொல்கிறேன்.

ராமேஸ்வரம் தீவில் மழைத்தண்ணீர் மணலில் இறங்கி, அடியில் இருக்கும் கடல் தண்ணீருக்கு மேல் பாலேடு மாதிரி மிதந்து நிற்கிறது. நல்ல தண்ணீர் லேசு, உப்புத் தண்ணீர் கனம். கையால் தோண்டுகிறவர் ஏட்டோடு நின்றுகொள்வார். அறுபதடி இறக்கினால் ஏட்டைத் துளைத்துக்கொண்டு உப்புக்குப் போய்விடுவீர்கள். மோட்டார் இழுக்க இழுக்க உப்பு மேலே ஏறும், பக்கத்து வீட்டு ஊற்றும் சேர்ந்து கெடும். அப்பத்தா உங்கள் போரைத் தொடாததற்குக் காரணம் பிடிவாதம் இல்லை, நாக்கு.

ரோஜாவைக் கொன்றதில் வாடைக்காற்றுக்கும் பங்குண்டு. மார்கழியில் தென்கடல் பெட்டிப்பாம்பாகக் கிடக்கும், வடகடல் கொந்தளிக்கும். அந்த நுரையைக் காற்று அள்ளிவந்து இலையில் உப்பாகப் பூசும். வடகிழக்கில் பனையோலை அடைப்பு இல்லாமல் எதுவும் தேறாது. அப்பத்தாவின் கத்தரிப் பாத்தி வீட்டுக்குத் தெற்கே, சுவரின் மறைவில் இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். உங்களுக்கு ஏதாவது வைத்தே ஆகவேண்டும் என்றால் முருங்கைப் போத்து வையுங்கள், பூவரசு வையுங்கள். ரோஜா சென்னைப் பால்கனியிலேயே இருக்கட்டும்.

இனி அவர் வராத விஷயம். அதற்கு ஒரு தத்துவம் தேட வேண்டாம். கத்தரிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது, ஊற்றினார். செடிக்கு ஊற்றியதுதான் அவருடைய அஞ்சலி என்று நான் எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும். அவர் கேட்டால் சிரிப்பார்.

என் பெரியம்மா ஒருவர் தனுஷ்கோடியில் பதினாலு வயதுவரை இருந்தவர். புயலுக்குப் பிறகு மண்டபம் என்ற ஊருக்கு வந்துவிட்டார். "அன்னைக்கு ராத்திரி என்ன நடந்துச்சு?" என்று பத்து வருஷம் கேட்டிருப்பேன். எப்போது கேட்டாலும் அதே மூன்று வாக்கியம், மனப்பாடச் செய்யுள் மாதிரி. ஒருநாள் அவர் வீட்டு ஊற்றைத் தூர் எடுத்துக்கொண்டிருந்தார். சும்மா பேச்சுக்கு, "தனுஷ்கோடில தண்ணிக்கு என்ன செய்வீக?" என்றேன். விளக்கு வைக்கும் நேரம்வரை நிறுத்தவில்லை.

மணலை முழங்கை ஆழத்துக்கு வழித்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டுமாம். முதலில் கலங்கலாக ஊறும். அதைச் சிரட்டையால் மொண்டு வெளியே வீசிவிட வேண்டும். இரண்டாவது ஊறலும் வீசத்தான். மூன்றாவதில் அடி மணல் தெரியும். அப்போதும் சிரட்டையை அமுக்கக் கூடாது, தண்ணீரின் மேல்தோலைச் சீவுவதுபோலச் சாய்த்து எடுக்க வேண்டும். சொல்லிக்கொண்டே செய்து காட்டினார். ஒரு குடம் நிறைய ஒரு மணி நேரம். அதனால்தான் ஊற்றடியில் அவ்வளவு கதை. காய்கறி ரயிலில் வரவேண்டும், கத்தரிக்காய் வந்த அன்று தெருவுக்கே தெரியும். போட் மெயில் ரயிலில் வந்து இறங்குகிறவர்கள் பெட்டியும் படுக்கையுமாக இலங்கையின் தலைமன்னார் போகும் கப்பலுக்கு நடப்பதைத் தம்பியோடு போய் வேடிக்கை பார்ப்பாராம். இதற்கு நடுவில், குரல்கூட மாறாமல், "அந்தப் புள்ள எப்பவும் எனக்கு முந்தி ஊத்துல எடம் புடிச்சிருப்பா" என்றார். எந்தப் புள்ள? "பாம்பன்லேர்ந்து அந்த ரயில்ல வந்தவ." பத்து வருஷத்தில் அன்றைக்குத்தான் அவளைப் பற்றிக் கேள்விப்பட்டேன்.

பாம்பன் பாலம் 1914இல் திறந்தது. அங்கிருந்து 1964 டிசம்பர் 22 நள்ளிரவுவரை ஐம்பது வருஷம் தனுஷ்கோடி ஓர் ஊர். தபால் ஆபீஸ், சுங்கச் சாவடி, ரயில்வே ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், சர்ச் எல்லாம் இருந்தன. அந்த இரவு பாம்பனிலிருந்து வந்து, நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடலுக்குள் போன ரயிலை நமக்குத் தெரியும். டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை. உடைந்த பாலத்தை 46 நாளில் நிமிர்த்தியதைப் பெருமையாகச் சொல்கிறோம். குடியிருக்க லாயக்கில்லை என்று எழுதப்பட்ட ஊரிலிருந்து கிளம்பியவர்கள் புது மண்ணில் தண்ணீர் தேடியதை யாரும் கேட்கவில்லை. ஐம்பது வருஷ ஊரை ஒற்றை இரவாகச் சுருக்கிவிட்டு, அந்த இரவை மட்டும் சொல்லு என்று மைக்கை நீட்டுகிறோம். எழுந்து போகாமல் என்ன செய்வார்?

மெழுகுவத்தி ஏற்றப் போவதை விடாதீர்கள். ஊரே போகும்போது கூடப் போக வேண்டும். சிரித்ததற்கு உறுத்தல் எதற்கு? துட்டி வீட்டிலேயே மூன்றாம் நாள் சிரிப்புச் சத்தம் கேட்கும் ஊர் நம்முடையது.

பொங்கலுக்குப் போவீர்கள்தானே? மகளிடம் போனுக்குப் பதில் குடத்தைக் கொடுத்து ஊற்றடிக்கு அனுப்புங்கள். தம்பி எப்படிச் செத்தார் என்று கேட்க வேண்டாம், தண்ணீர் எடுக்க வருவாரா, அக்காளை ஏமாற்றிவிட்டு விளையாட ஓடுவாரா என்று கேட்கட்டும். அப்பத்தா பதில் சொல்லாவிட்டாலும் குடமாவது நிறையும்.

அந்தப் போர்க் குழாயின் வாயை மூடிவையுங்கள், பிள்ளைகள் புழங்கும் இடம். கத்தரியில் ஒரு காயை விதைக்கு விடச் சொல்லுங்கள், எனக்குக் கொஞ்சம் வேண்டும்.