தியோ ஆஞ்சலோபூலோஸ் யார்? அவர் படங்கள் ஏன் அவ்வளவு மெதுவாக நகர்கின்றன?

1935இல் ஏதென்ஸில் பிறந்த கிரேக்க இயக்குநர். 1944 டிசம்பரில் ஏதென்ஸில் இடதுசாரிப் போராளிகளுக்கும் அரசுப் படைகளுக்கும் நடந்த மோதலில் அவருடைய தந்தையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒன்பது வயதுப் பையன் அம்மாவோடு பிணங்களுக்கு நடுவே அப்பாவைத் தேடினான். அப்பா பின்னர் உயிரோடு திரும்பினார். தந்தையைத் தேடும் பிள்ளைகள் அவர் படங்களில் ஏன் வருகிறார்கள் என்பதற்கு எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

சட்டம் படித்தார், பாரிஸ் திரைப்படப் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டார், ஊர் திரும்பி இடதுசாரி நாளிதழில் திரை விமர்சனம் எழுதினார். 1967இல் ராணுவ ஆட்சி அதை மூடியது. முதல் முழுநீளப் படம் 1970இல்.

மெதுவாக நகர்வது ஏன் என்றால், 1975இல் வந்த 'நாடகக் குழு'வைப் பாருங்கள். கிட்டத்தட்ட நான்கு மணி நேரப் படம். ஷாட்டுகள் (வெட்டில்லாமல் ஓடும் காட்சித் துண்டுகள்) சுமார் 80தான். ராணுவ ஆட்சி நீடிக்கும்போதே, அதன் கண்ணில் மண்ணைத் தூவிப் படப்பிடிப்பைத் தொடங்கினார். அதில் 1946 புத்தாண்டு நடனம் முடிந்து தெருவில் நடக்கும் வலதுசாரிக் கும்பல், இடையில் ஒரு வெட்டுகூட இல்லாமல், 1952இன் அரசியல் கூட்டத்துக்குள் போய்ச் சேர்கிறது. கேமரா அவசரப்பட்டால் இந்த வித்தை பலிக்காது. (பொறுமை வேண்டும்தான், நானே முதல் தடவை பாதியில் தூங்கிவிட்டேன்.)

1998இல் கான் திரைப்பட விழாவின் உயரிய விருதான தங்கப் பனையைப் பெற்றார். 2012 ஜனவரியில், பிரேயஸ் துறைமுகம் அருகே படப்பிடிப்பின்போது சாலையைக் கடந்த அவர்மீது மோட்டார் சைக்கிள் மோதியது; அதில் இறந்துபோனார். அந்தப் படம் முடியவே இல்லை.